ஆகாய டாக்சியில் துண்டு போட்ட கதை

அந்த வருடம் என் பையில் எப்போதும் ஒரு வரைபடம் இருந்தது. விரித்தால் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மேற்கு ஓரத்தில் களக்காட்டு மலை, தென்கிழக்கு மூலையில் சாத்தான்குளத்துப் பனங்காடு, நடுவில் நீல மையில் நெளிந்து போகும் தாமிரபரணி. அதன்மேல் ஐந்து சிவப்புப் புள்ளிகள்: பாளையங்கோட்டை, வாகைக்குளம் விமான நிலையம், சாத்தான்குளம், களக்காடு, அம்பாசமுத்திரம். அந்தப் புள்ளிகளை வைத்தவள் நான். வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் போகும்போதுகூட ஜன்னல் வழியாக வயலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஆகாய டாக்சி என்றால் மின்சாரத்தில் ஓடுகிற, நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்னப் பறக்கும் வண்டி. ஓடுபாதை வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே எழும்பும், போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படியே இறங்கும். அதைச் செய்கிறவர்கள் வேறு எங்கோ செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்து முடிக்கிறபோது எந்த ஊரில் எங்கே இறங்குவது, யார் ஏறுவார்கள், அவர்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று முன்கூட்டியே திட்டம் எழுதுவது எங்கள் வேலை. சென்னையில் சின்ன அலுவலகம், மொத்தம் ஒன்பது பேர். பறப்பது அவர்கள் பாடு, இறங்குவது எங்கள் பாடு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

எந்த நகரத்தை யார் எடுத்துக்கொள்வது என்று மேலதிகாரி கேட்டபோது மற்றவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கை தூக்கினார்கள். நான் திருநெல்வேலி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்க எதுக்கும்மா பறக்கணும்? நடந்தாலே போயிடலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எழும்பிப் பறந்திருப்பேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் இடுப்பு ஒடிய வந்து பார்த்தால் தெரியும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஊருக்கு ரயில் ஏறினேன்.

அம்மா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தேவாலயத்துக்குப் பின்னால் வீடு. விஷயத்தைக் கேட்டவள் தன் பதிலைச் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில்தான் சொன்னாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை எதைப் பறக்கவிட்டாலும் அதைப் பத்திரமாய் இறக்கியருளும்" என்றாள். கூட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு டீச்சர் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார். நான் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஊர் சுற்ற ஒரு ஜீப் வாடகைக்கு அமர்த்தினோம். வண்டி வேறொருவருடையது, ஓட்டுகிறவர் அம்பாசமுத்திரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தோளில் எப்போதும் பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. அவரை நான் அண்ணாச்சி என்றேன், அதனால் அவருடைய மனைவி எனக்கு மதினி ஆனாள். முதல் நாளே வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஊரு எங்கன இருக்கு?" என்று கேட்டார். புள்ளியைக் காட்டினேன். பைய விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சாத்தான்குளத்தில் பனைகளுக்கு நடுவே ஒரு பொட்டலை அளந்துகொண்டிருந்தோம். பனையேறி ஒருவர் மரத்தின் உச்சியிலிருந்தே விசாரித்தார். "ஏம்மா, நான் இங்கன நிக்கும்போது ஒங்க வண்டி வந்தா ஹாரன் அடிக்குமா?"

"கட்டாயம் அடிக்கும்" என்று கத்தினேன்.

"அடிக்கச் சொல்லாத. திடுக்குன்னு கையை விட்டுருவேன். பைய வரச் சொல்லு."

அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். களக்காட்டில் வாழை போட்டிருந்த ஒருவர், ஆளுக்கும் சாமானுக்கும் சேர்த்துத் தொண்ணூறு கிலோ வரைக்கும்தான் என்று நான் சொன்னதும், எடைபோடும் இடத்துக்குப் போய் ஏறி நின்றுவிட்டு வந்தார். "நான் அறுபத்தெட்டு. மிச்சத்துக்கு ஒரு தாரு கொண்டுபோலாம்லா?" என்றார். கொண்டுபோகலாம் என்றேன். "அப்பம் நாளைக்கே விடு" என்றார். களக்காட்டில் காட்டின் மேலாகப் பறக்கக் கூடாது, மலைக்காற்றும் உண்டு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வானத்தில் வண்டி விடுகிறவள் என்று பெயர் பரவிவிட்டது. அம்பை என்று நாங்கள் சொல்கிற அம்பாசமுத்திரத்தின் டீக்கடையில், "ஏட்டி, எங்க ஊருக்கு எப்பம் வருது?" என்று முன்பின் தெரியாத பெண்கள் கேட்டார்கள். எனக்கு ஒரே குஷி. கால் தரையில் பாவவில்லை.

மதினியை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உருவம், எதற்கெடுத்தாலும் கேலி. அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பாளையங்கோட்டைக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். அவளுக்கு முறை கிடைத்தது அங்கேதான். போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம். நின்றுகொண்டு போனால் மயக்கம் வந்துவிடும், உட்கார்ந்தாலும் ஜன்னல் காற்று வேண்டும். அதனால் அந்த மூன்று நாட்களிலும் அண்ணாச்சி விடியற்காலமே பேருந்து நிலையத்துக்குப் போய், பேருந்து உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே எறிந்து இடம் பிடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

"ஜீப்பில் வாங்க மதினி, நான் கூட்டிப் போறேன்" என்றேன்.

"ஒங்க அண்ணாச்சி வண்டியா? அது குலுக்குத குலுக்குல இருக்கிற மிச்சமும் கழண்டு விழுந்துரும்" என்றாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். "இதுல போனா எம்புட்டு நேரம்?"

"பன்னிரண்டு நிமிஷம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பொய் சொல்லாதட்டி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு இருக்கை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு என்று அன்றைக்கே திட்டத்தில் எழுதினேன். வண்டி எந்த வருடம் வரும், டிக்கெட் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கே தெரியாது, அதையும் சொன்னேன். "அது கெடக்கட்டும், நீ எழுது" என்றாள்.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் சென்னையிலிருந்து மேலதிகாரி கூப்பிட்டார். "அம்பாசமுத்திரத்தை எடுத்துடும்மா. அங்க ஆளே இல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் இல்லையா? அம்பையிலா?

நடந்தது இதுதான். ஒரு ஊரிலிருந்து எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, அனுமதி வாங்கி, பேருந்து நிலையங்களில் கேமரா வைத்திருந்தோம். பேருந்து கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால், வண்டி அசையாமல் நிற்கும்போது, அது ஜன்னல்கள் வழியாகப் படம் எடுக்கும். சென்னையில் ஒரு கணினி அந்தப் படத்தில் எத்தனை தலை என்று எண்ணும். தலைகளை வைத்துத்தான் அந்த ஊருக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று முடிவு. அம்பைப் பேருந்துகளில் கணினி எண்ணிய தலைகள் ஏழு, ஐந்து, ஒன்பது. மீதி எல்லாம் காலி இருக்கை.

ஜீப்பின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுகை வராத குறை. டீ குடித்துவிட்டு வந்த அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏ, இது நம்ம துண்டுல்லா!" என்றார்.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். பச்சைக் கரை. "இது ஒங்க மதினி சீட்டு" என்று விரலை வைத்தார். அந்த விரலுக்குக் கீழே கணினி அழகாக ஒரு சின்னக் கட்டம் போட்டு 'காலி' என்று குறித்திருந்தது.

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. அடுத்த இருக்கையில் ஒரு குடை. அதற்கு அடுத்ததில் ஒரு தூக்குச்சட்டி. கைக்குட்டை, செய்தித்தாள், ஒரு கட்டு முருங்கைக்காய், யாரோ கழற்றி வைத்த ஒற்றைச் செருப்பு. பேருந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது! ஆட்கள் எல்லோரும் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடையிலும் பூக்கடையிலும் நின்றார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டால்தான் வருவார்கள், வந்தால் ஒரே நிமிடத்தில் அவரவர் இடத்தில் இருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் என்று அந்த விதியைச் சென்னையில் எழுதினார்கள் என்றால், அதைப் படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். பள்ளிக்கூட நாளிலிருந்து இதே பேருந்துகளில் துப்பட்டாவை எறிந்து இடம் பிடித்தவள். எவ்வளவு பழகிப்போயிருந்தால் அது என் கண்ணுக்குப் படாமல் போயிருக்கும்! வெளியூர்க்காரி யாராவது வந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள், இந்தத் துண்டெல்லாம் என்ன என்று.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அண்ணாச்சியும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. "அப்பம் அவ கணக்குலயே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். விளக்கினால் நம்ப மாட்டார் என்று தெரியும். "சார், ஒரு நாள் வந்து எங்க பஸ்ஸில் ஏறிப் பாருங்க, அதுக்கப்புறம் எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னேன். ஆச்சரியம், வந்தார்.

மதினி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு காலையில் அவரை அம்பைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். துண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த விஷமத்துக்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அவர் மொடமொடவென்று சலவைச் சட்டையும் தோளில் கணினிப் பையுமாகப் பேருந்தில் ஏறினார். உள்ளே பார்த்துவிட்டு வெற்றிச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? காலி!"

முதல் இருக்கையில் உட்காரப் போனார்.

"சார், அங்கன ஆள் வருது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரும் இல்லையேப்பா?"

"துண்டு கெடக்குல்லா?"

அவர் துண்டைப் பார்த்தார். துண்டும் அவரைப் பார்த்தது. அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். "அது எங்க அத்தைக்கு" என்று ஒரு பெண் குடையைக் காட்டினாள். அதற்கடுத்ததில் முருங்கைக்காய். "முருங்கைக்காய் எழும்பி நிக்குமா, நான் உட்கார்ந்துக்கறேன்" என்றார் அவர். "காய்க்காரரு வந்து சண்டை போடுவாரு சார், நமக்கெதுக்கு?" என்று நடத்துநர் நல்ல மனதோடு எச்சரித்தார். இப்படி முன்வாசலில் ஏறிய மனிதர் பின்வாசல் வரைக்கும் விசாரித்துக்கொண்டே போய், உட்கார இடமில்லாமல் மறுபடி மூன்றாவது வரிசைக்கு வந்து சேர்ந்தார். வண்டி உறுமியது. நாலாபக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் கண்முன்னே பேருந்து நிறைந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பச்சைக் கரைத் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு மதினி உட்கார்ந்தாள். நின்றவரை அண்ணாந்து பார்த்தாள். "பையை இங்கன தாங்க சார், மடியில வச்சுக்கிடுதேன்" என்றாள். சென்னையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரைக்கும் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீரவநல்லூரில் பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"நாலு மணி நேரம் மிஷினு, மூணு மணி நேரம் பஸ்ஸு. எது நோவு எது மருந்துன்னு சில நாளு எனக்கே மறந்து போவும் சார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. சேரமாதேவியும் பத்தமடையும் தாண்டுவதற்குள் கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் இறங்கி, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எண்ணினது தப்புதான். ஒத்துக்கறேன்" என்றார். நான் குதிக்கப் போனேன். "இரு. இன்னொண்ணு இருக்கு. இப்படி ஓடிவந்து ஏறுகிற கூட்டம் நம்ம வண்டியில் எப்படி ஏறும்?"

அதுவும் நியாயமான கேள்வி. ஆகாய டாக்சி இறங்கினால் மேடையில் நிற்க அதற்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் நான்கு பேர் இறங்கி, நான்கு பேர் ஏறி, பெல்ட் போட்டுக் கதவைச் சாத்தியாக வேண்டும். அடுத்த வண்டி மேலே காத்துக்கொண்டு சுற்ற முடியாது, மின்கலம் தாங்காது. மற்ற நான்கு இடங்களுக்கும் இந்தச் சோதனை முடிந்திருந்தது. "அம்பையில் மூணு நிமிஷத்தில் முடிஞ்சா புள்ளி இருக்கட்டும். முடியலைன்னா எடுத்துடணும். சரியா?" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

சோதனைக்கு எங்களிடம் ஒரு பொய் வண்டி இருந்தது. பாளையங்கோட்டையில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் ஒட்டுப்பலகையும் தகரமும் வைத்துச் செய்தது. நான்கு இருக்கை, இரண்டு கதவு, நீல வண்ணம். இறக்கையும் இல்லை, சுழலியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அம்பையில் ஒரு பள்ளி மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினோம். விளையாட்டுப் போட்டிக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்புப் பொடியால் சுற்றிலும் வட்டம் போட்டேன். ஊரே வந்துவிட்டது. இது பறக்காது, ஏறி இறங்கிப் பார்க்க மட்டும்தான் என்று மைக்கில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. "அதெல்லாம் தெரியும், எப்பம் பறக்கும்?" என்றார்கள்.

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் விசில் ஊதினேன்.

அந்த முதல் சுற்றை என்னவென்று சொல்ல! விசில் சத்தம் அடங்குவதற்குள் நாலாபக்கத்திலிருந்தும் துண்டுகள் பறந்தன. ஜன்னல் வழியாக, கதவு வழியாக, கூரைக்கு மேலாக. உள்ளே முன்பே உட்காரவைத்திருந்த நான்கு பேர் இறங்க வழி இல்லை. ஒருவர் தலைமேல் மூன்று துண்டு. ஒரே இருக்கைக்கு ஒன்பது துண்டு, ஒன்பது பேரும் என்னுடையதுதான் முதலில் விழுந்தது என்கிறார்கள். "லே, என் துண்டுக்கு மேல ஒன் துண்டு கெடக்குன்னா எது மொதல்ல விழுந்திருக்கும்? யோசிச்சுப் பேசு!" என்று ஒருவர் நியாயம் பிளந்தார். பதினோரு நிமிடம் ஆனது. ஒட்டுப்பலகைக் கதவு ஒன்று கையோடு வந்துவிட்டது. மேலதிகாரி கடிகாரத்தை என்னிடம் காட்டினார்.

கூட்டத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதினியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். அவளிடம் பன்னிரண்டு நிமிடம் என்று சொன்ன வாய் இது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவள்தான் எழுந்து வந்தாள். வண்டிக்குள் குனிந்து அத்தனை துண்டையும் அள்ளினாள். ஒருவர், "ஏ, என் துண்டு" என்றார். "ஒன் துண்டை நான் தின்னுரப் போறனா?" என்றாள். சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே, வண்டியின் கதவுக்கு நேராக, துண்டுகளைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தாள். எந்தத் துண்டு எப்போது விழுந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அவள் விரித்த தோரணையில் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. "துண்டு வண்டிக்குள்ள போடக் கூடாது. இங்கன போடணும். மொத நாலு துண்டுக்காரவுக மட்டும் வட்டத்துக்குள்ள வாங்க. மத்தவுக போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள்.

நிஜமாகவே போனார்கள். தரையில் துண்டு கிடக்கிறது என்ற தைரியத்தில் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போனது. எங்கள் ஊரில் பிறத்தியார் துண்டை ஒருவரும் நகர்த்த மாட்டார்கள். இடத்துக்காக அடித்துக்கொள்வார்கள், ஆனால் விழுந்துவிட்ட துண்டு விழுந்ததுதான். அதற்குமேல் என்ன வரிசை வேண்டும்?

மறுபடி விசில். நான்கு பேர் இறங்கினார்கள். நான்கு துண்டு எழும்பியது, நான்கு பேர் ஏறினார்கள். ஒரு பெரியவர் பெல்ட்டை வேட்டியோடு சேர்த்து மாட்டிவிட்டார், அதையும் அவிழ்த்துப் போட்டோம். கழன்ற கதவை அண்ணாச்சி கையால் பிடித்துச் சாத்தினார். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் சொச்சம். இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து சுற்று விட்டோம், ஐந்திலும் முடிந்தது. மைதானமே கைதட்டியது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் அது தானாக ஊத, ஆறாவது சுற்றுக்கு நான்கு பேர் ஓடிவந்துவிட்டார்கள்.

"வேற எந்த ஊர்லயும் இவ்வளவு சீக்கிரம் ஏறலைம்மா" என்றார் மேலதிகாரி. என் வரைபடத்தை வாங்கி, அம்பாசமுத்திரத்துப் புள்ளியின்மேல் தன் பேனாவால் இன்னொரு தரம் அழுத்தி வைத்தார். நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நாற்பது வயதில் பொது இடத்தில் குதித்ததை யாரோ பார்த்துப் பாளையங்கோட்டைக்குச் செய்தி அனுப்ப, அன்று சாயங்கால ஜெபத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தரையில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. பச்சைக் கரை. மதினி அதை எடுத்துக்கொண்டு வந்து, "நான் ஒரு தடவை உக்காரட்டா?" என்றாள்.

ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டேன். "அந்தப் பன்னெண்டு நிமிஷம் எம்புட்டு நேரம்னு பாக்கணும். நேரம் ஆனதும் சொல்லுங்க சார்" என்றாள் மேலதிகாரியிடம். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒட்டுப்பலகை வண்டியின் ஜன்னல் வழியாக ஆற்றுக்காற்று வந்து அவள் முடியைக் கலைத்தது. "கல்லிடை" என்றாள் கொஞ்ச நேரத்தில், கண் திறக்காமலே. பிறகு, "வீரவநல்லூர் வந்திருக்கும்." பிறகு அதுவும் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது.

"ஆச்சும்மா" என்றார் மேலதிகாரி.

அவள் கண்ணைத் திறந்தாள். "அம்புட்டுத்தானா?" என்றாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? இன்னும் நான் சரியா சாஞ்சுகூட உக்காரலியே!" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு வேறு பெயர் தெரியவில்லை.

இறங்கும்போது முகம் துடைத்த துண்டை இருக்கையிலேயே விரித்துப் போட்டாள். அண்ணாச்சி எடுக்கப் போனார். "கெடக்கட்டும்" என்றாள். "நெசமான வண்டி வாற வரைக்கும் கெடக்கட்டும்."

லாரியில் ஏற்றியபோதும் அதை யாரும் எடுக்கவில்லை. சென்னைக்குப் போகும் வழியில் சுங்கச்சாவடிகளில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்களோ, யாரும் தொடவில்லை. திட்டத்தைக் கொடுத்துவிட்டோம். ஐந்து புள்ளியும், ஆஸ்பத்திரி இருக்கையும், துண்டு வரிசைக்கென்று மேடை ஓரத்தில் ஒரு நீண்ட திண்டும் அதில் இருக்கின்றன. இன்னும் எங்கேயும் எதுவும் பறக்கவில்லை. எப்போது பறக்கும் என்று யாராவது கேட்டால் நான் இப்போதும் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன், நிறுத்துவது கேட்கிறவர் பொறுப்பு.

பொய் வண்டி எங்கள் அலுவலகத்தில் வாசலைத் தாண்டியதும் நிற்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் டீக் கோப்பையோடு அதில் ஏறி ஜன்னலோரம் உட்காரப் போனார். உள்ளறையிலிருந்து மேலதிகாரியின் குரல் வந்தது.

"தம்பி, அங்கன ஆள் வருது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே மதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் சிரித்தாள், பின்னால் பேருந்து இரைச்சலில் பாதிச் சிரிப்புத்தான் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சுட்டி" என்றாள். "இப்பம்தான் சேரமாதேவி தாண்டுது."